முதுகுக்குப் பதிலா மோட்டாரு

எங்கப்பா புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மூட்டை சுமந்தவர். சாகிறவரைக்கும் பிடரியில் காய்ப்பு மறையவில்லை. அண்ணன் மீன்பாடி வண்டி மிதித்தான். அவன் மகன் பழைய மொபெட் ஒன்றை வாங்கி, முன்பாதியை அறுத்துப் போட்டுவிட்டு, அப்பன் வண்டியின் ரெண்டு சக்கரத்தையும் பலகையையும் வெல்டிங் வைத்தான். எஞ்சின், சங்கிலி, பின்சக்கரம் அப்படியே. மூணு தலைமுறையில் எங்க வீட்டு முதுகு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. ஆறு மாசத்தில் வண்டியைப் பிடித்துப் போனார்கள்.

“இதுக்குப் பேரு என்னாடா?” என்று கேட்டார்களாம். பேர் இல்லாததுதான் குற்றம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி செய்த வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் இதே ஊரில் ‘பூஸ்-பூஸ்’ ஓடியது. துரை உட்கார்ந்தபடி கைப்பிடியைத் திருப்புவான். கூலியாள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடுவான். மனுஷனே எஞ்சினாக இருந்தால் வண்டி கௌரவமானது. மனுஷன் எஞ்சின் பூட்டினால் சட்டவிரோதம். இது என்ன நியாயம்?

இயந்திரத்தைப் பழித்த காந்தியத்துக்கு அம்பேத்கர் 1945லேயே பதில் சொன்னார்: மிருக வாழ்க்கையிலிருந்து மனுஷனை மீட்டு, ஓய்வும் பண்பாடும் தருவது இயந்திரம்தான் என்றார். அதைப் படிக்காமலே செய்து காட்டியவன் எங்க பட்டறைப் பையன்.

பாதுகாப்பு நமக்கும் வேணும். ரெண்டு ஆளைத் தாங்கச் செய்த மொபெட்டின் பின்பிரேக், முன்னால் மூட்டை ஏற்றினால் சரியாகப் பிடிக்காது. மோதினால் சாகப்போவதும் நம்ம பிள்ளைதான், நடந்து போகிற நம்ம சனம்தான். ஆனால் அதற்கு வைத்தியம் முன்சக்கரத்துக்கும் பிரேக். பறிமுதல் இல்லை.

முடியாது என்பார்கள். 2014இல் டில்லி உயர்நீதிமன்றம் இ-ரிக்ஷாவைத் தடுத்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி இ-ரிக்ஷாவுக்கும், சரக்கு ஏற்றும் இ-கார்ட்டுக்கும் இடம் கொடுத்தது. ஆக, மனசு வைத்தால் சட்டம் வளையும்.

நாம் சலுகை கேட்கவில்லை. வண்டியைச் சோதித்துப் பார், குறையைச் சொல், சரிசெய்ய நாள் கொடு, நம்பர் கொடு, இன்சூரன்ஸ் கொடு. அதுவரைக்கும் சும்மா சட்டம் பேசாதே. எங்கப்பா முதுகில் ஏறின மூட்டைக்கு எந்தப் பிரிவில் கேஸ் போட்டாய்?