‘நிபுணர் குழு’ என்று போட்டால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டரோ டேப்ளட்டோ வாங்கிய வீடுகளில் முதல் வாரம் கேம்ஸ் விளையாடுவார்கள். இரண்டாவது வாரம் குழந்தைக்கு ஏற்ற சாப்ட்வேர் எது என்று தேட ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் எனக்குப் போன் வரும். ‘பையனுக்கு ரெண்டு வயசு தாண்டிடுச்சு, இன்னும் சரியாப் பேச்சு வரலை. நல்ல புரோகிராம் ஏதாவது இருந்தா சொல்லுங்க சார்’ என்பது அடிக்கடி வரும் கேள்வி. இதற்கு ஒரு முறை நான் அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். அந்தத் தவறைத்தான் இந்த மாதம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கேட்டது என் தங்கை. “அண்ணா, இவனுக்கு ரெண்டரை வயசாச்சு. அம்மா, பா, தா, அவ்வளவுதான். மத்ததுக்கெல்லாம் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டுறான்” என்றாள். கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் சும்மா இருப்பேனா? அன்று இரவே இன்டர்நெட்டில் தேடி ஒரு அப்ளிகேஷனைக் கண்டுபிடித்தேன். பேச்சு மொழி நிபுணர்களும் சிறப்புக் கல்வி நிபுணர்களும் கொண்ட ஆலோசனைக் குழுவின் மேற்பார்வையில் தயாரானது என்று அதன் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். சிரித்த முகத்துடன் ஆறு போட்டோக்கள். ஒரு வருட சந்தா கட்டி, ஆயுத பூஜை விடுமுறையில் தங்கை வீட்டு டேப்ளட்டில் நானே இன்ஸ்டால் செய்து கொடுத்தேன்.

பையனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. திரையில் பந்து வரும்; ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும்; மைக் படம் மின்னும். குழந்தை திருப்பிச் சொன்னால் நட்சத்திரம் விழும், கைதட்டல் கேட்கும். வாரம் ஒரு முறை ‘உங்கள் குழந்தை அருமையாக முன்னேறுகிறான்’ என்று இமெயில் வரும். ஆனால் டேப்ளட்டை மூடிவிட்டால் புதிதாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. ‘வரும், பொறு’ என்று நானே தங்கைக்குச் சமாதானம் சொன்னேன்.

மே மாத விடுமுறையில் அங்கே போயிருந்தபோதுதான் உண்மை தெரிந்தது. பையன் மடியில் டேப்ளட்டை வைத்துக்கொண்டிருந்தான். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. நட்சத்திரம் விழுந்தது! அவன் வாயே திறக்கவில்லை. நான் கை தட்டிப் பார்த்தேன், நட்சத்திரம். மிக்ஸியை ஓடவிட்டேன், அதற்கும் நட்சத்திரம். அந்தப் புரோகிராம் குழந்தையின் பேச்சைக் கேட்கவே இல்லை. மைக்கில் சத்தம் வருகிறதா என்று மட்டும்தான் பார்த்தது.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. டேப்ளட்டின் வால்யூம் எப்போதும் கடைசிவரை கூட்டியே இருந்தது. அவன்தான் அப்படி வைத்துக்கொள்வான் என்றாள் தங்கை. குழந்தைகள் நல மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோர்த்திருந்தது. அருகில் பலமாகக் கூப்பிட்டால் திரும்புவான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறந்தபோது செய்த பரிசோதனையில் காது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் குறை பிறகு வரக்கூடியது. தண்ணீருக்குள் இருந்துகொண்டு வெளியே பேசுவதைக் கேட்பதுபோலத்தான் எங்கள் பேச்சு அவனுக்குக் கேட்டிருக்கிறது. வலியில்லாமல் சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனை அது. என் சந்தாவை நம்பி ஏழு மாதங்களை வீணாக்கினோம். பேச்சு வளரும் வயதில் ஏழு மாதம் என்பது சின்னக் கணக்கு அல்ல.

அந்த ஆறு பேர் யார்?

வீட்டுக்கு வந்து அந்த ஆலோசனைக் குழு பக்கத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை போட்டோவை விட்டுவிட்டு, பெயருக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். இரண்டு பேர் குழந்தை வளர்ப்புப் பயிற்சியாளர்கள். ஒருவர் விளம்பரத் துறை. ஒருவருக்கு என்ன படிப்பு என்றே இல்லை. மீதி இருவர் அமெரிக்காவில் தகுதி பெற்ற பேச்சு மொழி நிபுணர்கள். ஆனால் எந்தப் பாடத்தை அவர்கள் பார்த்தார்கள், தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் சோதித்தார்களா என்பது எங்கும் இல்லை. இமெயில் அனுப்பிக் கேட்டேன். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று தானியங்கிப் பதில் வந்தது.

என் கருத்து இதுதான். ஆலோசகர் என்ற சொல் சாப்ட்வேர் உலகில் மிக மலிவாகிவிட்டது. உண்மையான நிபுணர்கள் உதவியிருந்தாலும், அவர்கள் அந்தச் சாப்ட்வேருக்குத்தான் ஆலோசகர்கள்; உங்கள் குழந்தைக்கு அல்ல. பேச்சு மொழி நிபுணர் என்ன செய்வார்? காது கேட்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்வார். சொன்னது புரிகிறதா, கண்ணைப் பார்க்கிறானா, எப்படி விளையாடுகிறான், நாக்கும் உதடும் எப்படி அசைகின்றன என்று பார்ப்பார். அதன் பிறகுதான் பாடம். ‘ர’வும் ‘ழ’வும் பல குழந்தைகளுக்குப் பிந்தித்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும். புரோகிராமோ முதல் நாளே பாடத்தைத் தொடங்கிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. கைக்குழந்தைகளின் அறிவை வளர்க்கும் என்ற எண்ணத்தில் பெற்றோர்கள் வாங்கிக் குவித்த ‘பேபி ஐன்ஸ்டீன்’ டிவிடிகளுக்கு, எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2009-ல் டிஸ்னி நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா?

அப்படிச் சொல்லமாட்டேன். சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ நல்ல உதாரணம். பேச முடியாத குழந்தைகள் படங்களைத் தொட்டால் அவர்களுக்காகக் குரல் பேசும். சென்னையில் உள்ள வித்யா சாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். அங்கே சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் போட்டோவுக்காக நிற்கவில்லை. சாதனம் எப்படி இருக்க வேண்டும் என்பதையே அவர்களுடைய அனுபவம் தீர்மானித்தது. நான் சொல்லும் வித்தியாசம் இதுதான்.

எங்கள் பையனைக் கவனித்த பேச்சுப் பயிற்சியாளரும் டேப்ளட்டைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. “தனியா அவன் கையில கொடுக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, படத்தைப் பார்த்து நீங்க பேசுங்க. வீட்ல அவன் விளையாடும்போது ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்புங்க” என்றார். அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் அடுத்த வாரப் பயிற்சியை முடிவு செய்வார். அதே டேப்ளட்தான், இப்போது அது நிபுணரின் கையில் ஒரு கருவியாகிவிட்டது.

‘நிபுணருக்கு நாங்கள் எங்கே போவது? சென்னையிலா இருக்கிறோம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் காது கேளாமை, பேச்சு தாமதம் ஆகியவையும் அடங்கும். அதன்படி மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் செயல்படுகின்றன. அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள், கட்டணம் இல்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இருக்கிறது. முதல் முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டால், பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் வீடியோ அழைப்பு மூலம் பயிற்சியைத் தொடர முடியுமா என்று அவர்களிடமே கேட்கலாம்.

சந்தா கட்டும் முன்

1. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லையா? சாப்ட்வேர் தேடாதீர்கள். முதலில் காதுப் பரிசோதனை.

2. ஆலோசகர்களின் படிப்பைப் பாருங்கள். நம் நாட்டில் பேச்சு மொழி நிபுணர்களும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான நிபுணர் கோபித்துக்கொள்ளமாட்டார். அமெரிக்கர் என்றால் பெயருக்குப் பின் ‘சி.சி.சி.-எஸ்.எல்.பி.’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

3. அந்த ஆலோசகர் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறதா? எந்த மொழிக் குழந்தைகளிடம் சோதித்தார்கள்?

4. மைக்கை ஏமாற்றிப் பாருங்கள். கை தட்டுங்கள், ‘பந்து’ என்பதற்குப் பதில் ‘பூனை’ என்று சொல்லுங்கள். அதற்கும் நட்சத்திரம் தந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம்.

5. ‘தெரபி தேவையில்லை’ என்று சொல்லும் எந்தப் புரோகிராமையும் நம்ப வேண்டாம்.

எங்கள் பையனுக்குக் காதில் சிகிச்சை முடிந்து, பயிற்சியும் தொடர்ந்ததில் பேச்சு நன்றாக வந்துவிட்டது. இப்போது போனில் ‘மாமா, எப்ப வருவீங்க?’ என்று கேட்கிறான். கேட்கும்போதெல்லாம் சந்தோஷத்தோடு அந்த ஏழு மாதமும் ஞாபகத்துக்கு வருகிறது.

அதனால் இப்போதெல்லாம் யாராவது போன் செய்து ‘பேச்சுக்கு நல்ல சாப்ட்வேர் எது?’ என்று கேட்டால், நான் பெயர் எதையும் சொல்வதில்லை. ‘குழந்தைக்குக் காது பார்த்தாச்சா?’ என்றுதான் கேட்கிறேன். நீங்களும் உங்கள் நண்பர்களிடம் அதையே முதலில் கேளுங்கள்.