நிராகரிப்புக் கடிதத்தை அர்ச்சனைத் தட்டில் வைக்காதீங்க

நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடதான் எழுதறோம், பொறுத்துக்குங்க.

ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கு அடியில ஒரு அரசாங்கக் கடிதம் மடிச்சு இருந்தது. குருக்கள் எடுத்து எங்ககிட்ட கொடுத்தார். ஆட்டிசம் உள்ள பதினோரு வயசுப் பையனோட அம்மா வச்சது. வீட்டில் வச்சுப் பராமரிக்கிறதுக்கு மாசம் 500 வெள்ளி உதவி கேட்டு மனு போட்டிருக்காங்க. நிராகரிச்சாச்சு. இனி அம்மன் பார்த்துக்குவான்னு தட்டில் வச்சிட்டுப் போயிட்டாங்க. (அவங்க சம்மதத்தோடதான் எழுதறோம். பேரு, ஊரு, எந்த ஆபீஸ்னு கேட்காதீங்க.)

அந்த உதவியோட பேரிலேயே ‘தெர்லந்தார்’னு இருக்கு. படுத்த படுக்கைன்னு அர்த்தம். பையன் நடக்கிறான், ஓடுறான். கவுண்டர்ல காலைப் பார்த்துட்டு முடிவு பண்ணிட்டாங்க. ஐயா, ஓடுறதுதானே பிரச்சினையே! ராத்திரி மூணு மணிக்குக் கதவைத் திறந்துட்டு ரோட்டுக்கு ஓடுறான். குளிக்க, பல் தேய்க்க, டாய்லெட் போக, எல்லாத்துக்கும் ஆள் வேணும். அந்த அம்மா குளிக்கணும்னா பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காரணும். வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஓகேயு கார்டுல ஏழு பிரிவு இருக்கு. ஆட்டிசம் ‘மசாலா பெம்பெலாஜாரான்’ பிரிவில் வருது, அதாவது கற்றல் பிரச்சினை. பேரைக் கேட்டா ஏதோ கணக்குப் பாடம் வராத பிள்ளை மாதிரி தோணும். ஆனா 2008-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் உடல் குறையை மட்டும் சொல்லல. மனம், அறிவு, புலன் சம்பந்தப்பட்ட நீண்டகாலக் குறையையும் சேர்த்துத்தான் சொல்லுது.

சரி, ஆபீஸைத் திட்டறது சுலபம். எங்களுக்கு நம்ம ஆளுங்க மேலதான் அதிக கோபம். தைப்பூசத்துல உருமி சத்தம் தாங்காம அந்தப் பையன் காதைப் பொத்திக்கிட்டுக் கத்தினான். ஒரு அம்மா ‘முனி அடிச்சிருக்கு’ன்னாங்க. இன்னொருத்தர் போன ஜென்மத்துப் பாவம்னார். கமிட்டியில ஒரு பெரியவர், ‘கவர்மெண்ட் முடியாதுன்னா முடியாதுதான், விடும்மா’ன்னு புத்தி சொன்னார். அதே கமிட்டி, ரத ஊர்வலத்துக்குப் பெர்மிட் கிடைக்கலன்னு மூணு தடவை ஆபீஸ் ஏறி இறங்கி வாங்கிட்டு வந்துச்சு. நாங்களும்தான் கூடப் போனோம். ரதத்துக்கு மூணு தடவை. இந்தப் பிள்ளைக்கு ஒரு தடவைகூட யாரும் போகல, எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம்.

‘500 வெள்ளிக்குக் கையேந்தணுமா, மானம் போகாதா’ன்னு கேட்கிறவங்க, அந்த வீட்டுக்கு வந்து பெரிய சைஸ் பேம்பர்ஸ் மாசம் எத்தனை பாக்கெட்னு எண்ணிப் பாருங்க. வரி கட்டுற ஜனங்களோட காசுதானே அது? பிச்சையா?

நாங்க எஸ்பிஎம் படிச்ச ஆளுங்க, வக்கீல் இல்ல. ஆனா ஃபேக்டரியில இருபது முப்பது வருஷமா லாக் புக் எழுதறோம். மெஷின் சத்தம் போட்டு ஓடுதுன்னா ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தமான்னு எங்களுக்குத் தெரியும். அந்த அம்மாகிட்ட ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, 14 நாள், மணிக்கணக்கா எழுதச் சொன்னோம். எப்ப எழுந்தான், யாரு ஊட்டினது, எத்தனை தடவை துணி மாத்தினது, எப்ப தலையைச் சுவத்துல மோதினான். படிச்சுப் பார்த்தப்போ எங்கள்ல ரெண்டு பேருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

பழைய டாக்டர் கடிதத்துல ‘ஆட்டிசம்’னு ஒரே வரி. அது பத்தாது. பையனால தானா என்னென்ன செய்ய முடியாதுன்னு விவரமா எழுதித் தரக் கேட்டு மறுபடி வாங்கினோம். ஸ்பெஷல் கிளாஸ் டீச்சரும் ஒரு கடிதம் கொடுத்தாங்க, நல்லா இருக்கணும் அவங்க. எல்லாத்தையும் சேர்த்து மலாயில ஒரு பக்கம் ‘ராயுவான்’ கடிதம் எழுதி நேர்ல கொடுத்து, நகல்ல சாப் வாங்கிட்டோம். வீட்டுக்கு வந்து பாருங்கன்னும் அதுல கேட்டிருக்கோம். பதில் இன்னும் வரல. அடுத்த வாரம் மறுபடி போறோம். பெர்மிட்டுக்கு வந்த பெரியவரையும் கூப்பிட்டிருக்கோம்.

வர்ற வெள்ளியிலிருந்து பூஜை முடிஞ்சதும் அன்னதான ஹால்ல வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருப்போம். ஓகேயு கார்டு, ஐசி நகல், வந்த கடிதம், அதோட கவர் (தேதி முக்கியம்), எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. கூட்டத்துல பிள்ளையைக் கூட்டிட்டு வர முடியலன்னா சொல்லுங்க, நாங்க வீட்டுக்கு வர்றோம்.