எம்.எட். களப்பயிற்சி ஏட்டோடு நின்றுவிடக் கூடாது

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிமுறைகள் எம்.எட். படிப்பை இரண்டாண்டாக்கின; ஆய்வேட்டுடன் களப்பயிற்சியையும் கட்டாயமாக்கின. நாளைக்கு ஆசிரியர்களையே உருவாக்கப் போகிறவர்கள் எம்.எட். மாணவர்கள். பி.எட். மாணவி கரும்பலகை முன் தடுமாறும்போது கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனித்து, பாடம் முடிந்ததும் அவர் மனம் நோகாமல் குறையைச் சொல்லித் திருத்துவது தனிக் கலை. விரிவுரை கேட்டு அது வராது; களப்பயிற்சியில்தான் வரும். ஆனால் சில கல்லூரிகளில் பயிற்சிக்கு வந்தவரை வருகைப் பதிவேடு எழுதவும், விடுப்பில் போனவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் விட்டுவிடுகிறார்கள். கடைசி நாளில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிடுகின்றன. அந்தக் கலையைக் கற்காமல் போகும் இழப்பு அவரிடம் பின்னாளில் பயிலப் போகிறவர்களையும் சேரும். மூத்த பேராசிரியர் ஒருவரின் நேரடி வழிகாட்டலுக்கும், பயிற்சிக்கால உதவித்தொகைக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் அரசும் அடுத்த கல்வியாண்டிலேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.