வாளை எடுக்காமல் செல்பவர்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986 பிப்ரவரியில் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ என்ற சாகச வீடியோ விளையாட்டை வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் வடிவமைத்த அந்த ஆட்டத்தின் முதல் திரையிலேயே ஒரு குகை வாயில் தெரியும். உள்ளே ஒரு முதியவர் நிற்பார். அவர் முன்னே ஒரு மரவாள் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வெளியே வருபவரே நாயகன் என்பது ஆட்டத்தை ஆக்கியவர்களின் எண்ணம். ஆனால் உலகெங்கும் ஒரு சிறு கூட்டத்தார் அந்தக் குகைக்குள் நுழையாமலே நடந்துவிடுகிறார்கள். வாளின்றி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கேள்வி.

இத்தகைய தற்கட்டுப்பாட்டு ஆட்டங்கள் பல வகைப்படும். அதே செல்டாவை மூன்று இதயங்களோடு முடிப்பது ஒரு வகை. ஆட்டக்காரர் மூன்று இதயங்களோடு தொடங்குகிறார். வழியில் கிடைக்கும் பதின்மூன்றையும் சேர்த்தால் பதினாறு ஆகும். அந்தப் பதின்மூன்றையும் தொடாமல் விடுவதே விதி. போக்கிமான் ஆட்டத்தில் ‘நஸ்லாக்’ என்ற விதிமுறை 2010-இல் ஒரு படக்கதை வழியாகப் பரவியது. மயங்கி விழுந்த உயிரினத்தை இறந்ததாகவே கருதி விட்டுவிட வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டுமே பிடிக்கலாம் என்பன அதன் அடிப்படை விதிகள். இவற்றில் எதுவும் இயந்திரத்துக்குத் தெரியாது. விதியை மீறினால் திரையில் எச்சரிக்கை வராது. காப்பாற்றினால் பரிசும் வராது. விதி முழுக்க ஆட்டக்காரரின் சொல்லில் மட்டுமே வாழ்கிறது.

கல்விப்புலத்தில் இருப்போர் இதைக் கேட்டால் இருவிதமாக எதிர்வினை ஆற்றுவர். வேலையற்ற வேலை என்று ஒதுக்குவது ஒன்று. மனவுறுதிக்கு நல்ல பயிற்சி என்று தட்டிக்கொடுப்பது மற்றொன்று. இரண்டுமே பொருளைத் தவறவிடுகின்றன. தற்கட்டுப்பாடு ஓர் ஆய்வுமுறை. ஓர் அமைப்பிலிருந்து ஓர் உறுப்பை வேண்டுமென்றே நீக்கிவிட்டு, எஞ்சியவை எப்படி நகர்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன என்று பார்ப்பதே அதன் சாரம். மொழியியல் மாணவர் ஓர் ஒலியை மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்ப்பதும் இதே வகைச் செயல்தான்.

வாளில்லாத ஆட்டத்தில் நிகழ்வதைப் பார்க்கலாம். வழக்கமான ஆட்டத்தில் வெடிகுண்டு சுவரை உடைக்கும் கருவி. மெழுகுவத்தி இருட்டறைக்கு விளக்கு. பூமராங் ஒரு துணைக்கருவி. வாள் இல்லாதபோது இவை எல்லாம் ஆயுதங்களாக எழுந்து நிற்கின்றன. அம்புக்கும் விலை உண்டு. எய்யும் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு நாணயம் கழியும். (அந்த உலகின் நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இந்திய ரூபாயின் பெயரே வழங்குகிறது.) வாள் இருந்தவரை பணம் கடைக்கு உரியது. வாள் போனபின் பணமே படைக்கலம். பொருளாதாரமும் போரும் இந்த ஆட்டத்தில் இணைந்திருந்தன என்பது, வாளோடு ஆடியவருக்கு எளிதில் புலப்பட்டிராது.

மூன்று இதய ஆட்டமும் இப்படியே. இதயங்கள் ஐந்து ஆனால்தான் வெள்ளை வாளும், பன்னிரண்டு ஆனால்தான் மந்திர வாளும் கிடைக்கும். உயிரைப் பெருக்கிக்கொள்ளாதவருக்கு இறுதிவரை மரவாளே கதி. இங்கே ஓர் எதிர்பாராத ஆதாயமும் உண்டு. இதயங்கள் நிறைந்திருக்கும்போது மட்டுமே வாளிலிருந்து தொலைவுக்குப் பாயும் கதிர் புறப்படும். பதினாறு இதயங்களை நிறைவாக வைத்திருப்பது கடினம். மூன்றை நிறைப்பது எளிது. குறைவாக உடையவர் விரைவில் நிறைவடைகிறார். இது அறவுரை அன்று, ஆட்டத்தின் கணக்கு.

தமிழுக்கு இது புதிதா? சித்திரகவி மரபில் ‘நிரோட்டம்’ என்று ஒன்று உண்டு. இதழ் ஒட்டாமலும் குவியாமலும் ஒலிக்கும் எழுத்துகளால் மட்டுமே செய்யுள் இயற்ற வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலின்படி பகரமும் மகரமும் இதழோடு இதழ் பொருந்தப் பிறப்பவை; வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது; உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய உயிர்கள் இதழ் குவியப் பிறப்பவை. இவை அனைத்தும் விலக்கு. 17-ஆம் நூற்றாண்டின் துறைமங்கலம் சிவப்பிரகாசர் இந்த விதியோடு யமகத்தையும் அந்தாதியையும் சேர்த்துக்கொண்டு, ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’யைப் பாடினார்.

அந்த விதியின் கடுமையை ஒரு சிறு கணக்கில் காணலாம். பாட்டுடைத் தலைவன் திருச்செந்தூர் முருகன். ஆனால் முருகன் என்ற பெயரைச் சொல்ல முடியாது. வேலன், குமரன், ஆறுமுகன் எதுவும் ஆகாது. வேல், மயில், சேவல் மூன்றும் வெளியே. வள்ளியும் தெய்வானையும் வெளியே. பகைவனான சூரன்கூட வெளியே. செந்தூர் ஆகாது, செந்தில் ஆகும். கந்தன், சேந்தன், கார்த்திகேயன் ஆகிய பெயர்கள் தப்பும். ‘தமிழ்’ என்ற சொல்லே தடைப்படும். முதல் திரையில் முதியவர் நீட்டும் வாளைப் போல, மரபு தானாகவே கையில் தந்த அத்தனை சொற்களையும் விட்டுவிட்டே புலவர் புறப்படுகிறார்.

இலக்கணத்துக்குள் சென்றால் இழப்பு இன்னும் ஆழமானது. ‘உம்’ இல்லை, ஆகவே இரண்டை இணைக்க வேறு வழி தேட வேண்டும். ‘என்று’ போகும், ‘என’ நிற்கும். அவன், அவள், அவர் எல்லாம் போக, நான், நீ இரண்டும் எஞ்சும். இறந்தகாலம் பெரும்பாலும் தப்புகிறது. நிகழ்காலமும் தப்புகிறது: ‘செய்கிறேன்’ எனலாம். எதிர்காலமோ முற்றிலும் இல்லை. செய்வேன், படிப்பேன், காண்பேன், இருக்கும் என இன்று வழங்கும் உடன்பாட்டு எதிர்கால வினைகள் எல்லாம் வகரத்தையோ பகரத்தையோ மகரத்தையோ தாங்கியே வருகின்றன. வியப்பு என்னவெனில் எதிர்மறை தப்பிவிடுகிறது. ‘செய்வேன்’ எனல் இயலாது. ‘செய்யேன்’ எனல் இயலும். இனிச் செய்யப்போவதைச் சொல்ல வேண்டுமானால் ‘செய்ய நினைக்கிறேன்’ என்று நிகழ்காலத்தின் வழியாகச் சுற்றிவர வேண்டும். தமிழின் எதிர்காலம் இதழ்களில் தங்கியிருக்கிறது என்பதை, இதழ்களைக் கட்டிப்போடாதவர் கவனித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வாள் நீங்கியபோது மெழுகுவத்தி தெரிந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

விதியை நேர்மையாக எழுதிவைப்பதும் இந்த முறையின் ஒரு பகுதி. துறவு அதிகாரத்தின் முதல் குறளான 341-ஆம் குறளைச் சொல்லும்போது உதடுகள் ஒட்டுவதில்லை என்பது பள்ளி மேடைகளில் பலமுறை சொல்லப்படுவது. உண்மைதான். ஆனால் அதில் ஓகாரம் ஏறிய ஓர் எழுத்து உண்டு. அங்கே இதழ் குவிகிறது. ‘ஒட்டாமை’ விதியானால் குறள் தேறும். ‘குவியாமை’யும் விதியானால் தேறாது. தற்கட்டுப்பாட்டு ஆட்டக்காரர்களும் இதே நுணுக்கத்தில்தான் மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். வாளை எடுக்கக் கூடாதா, எடுத்தும் வீசக் கூடாதா என்று கேட்பது வெறும் விதண்டை அன்று. கேள்வியின் எல்லை தெரியாமல் விடையின் மதிப்பு தெரியாது.

தடையை ஆட்டக்காரரே இட்டுக்கொள்ள வேண்டுமா, பிறர் இடலாமா என்ற கேள்விக்குப் பெங்களூரின் அவதான மேடைகள் நல்ல சான்று. சதாவதானி ஆர். கணேஷ் கன்னடத்திலும் சமஸ்கிருதத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவதானங்களை நிகழ்த்தியவர். அவதானத்தின் ஓர் அங்கம் ‘நிஷேதாக்ஷரி’. அவதானி செய்யுளின் ஓர் எழுத்தைச் சொன்னவுடன், அடுத்து அவர் எந்த எழுத்துக்குப் போவார் என்று ஊகித்து, வினவுநர் அதைத் தடைசெய்வார். அவதானி வேறொரு சொல்லுக்குத் திரும்புவார். உடனே அடுத்த தடை வரும். இடையிடையே தொடர்பற்ற பேச்சால் கவனத்தைக் கலைப்பதற்கென்றே இன்னொருவர் அமர்ந்திருப்பார். தமிழிலும் இம்மரபு உண்டு. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து புகழ்பெற்றார்.

நிஷேதாக்ஷரியில் ஒவ்வொரு தடையையும் இடுபவர் மற்றவர். எனினும் அதுவும் தற்கட்டுப்பாடே. அந்த இருக்கையில் அமர அவதானி தாமே ஒப்பினார்; அமராமல் இருந்திருக்கவும் அவரால் முடியும். ஆக, தடையை யார் விதித்தார் என்பதைவிட, அதை ஏற்காமல் விலகும் வழி இருந்ததா என்பதே அளவுகோல். பெர்னார்ட் சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978-இல் வெளியிட்ட ‘தி கிராஸ்ஹாப்பர்’ நூலின் மையக் கருத்தும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. எளிய வழி இருக்க, கடினமான வழியை விதியாக ஏற்று, அந்த ஏற்பினால் மட்டுமே நிகழக்கூடிய ஒன்றைச் செய்வது விளையாட்டு என்கிறார் அவர். எளிய வழி உண்மையாகவே திறந்திருக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை.

இந்த உட்கிடையைக் கல்வி நிறுவனங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. தட்டுப்பாடு படைப்பாற்றலை வளர்க்கும், குறைந்த வளத்தில் செய்யும் ஆய்வே கூர்மையான ஆய்வு என்ற பேச்சு கருத்தரங்க மேடைகளில் ஒலிக்கிறது. அதற்குச் சான்றாகப் புலவரும் வருகிறார், விளையாட்டு வீரரும் வருகிறார். மத்தியப் பல்கலைக்கழகங்களில் தேசியத் தகுதித் தேர்வின்வழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கும் மேலாக அதே தொகை. அந்தத் தொகையையும் நிறுத்தும் முடிவை எதிர்த்தே 2015 அக்டோபரில் தில்லியில் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் அமர்ந்தார்கள். களப்பணிக்குப் போக்குவரத்துச் செலவு கிடைக்காததால் தொலைபேசியிலேயே தரவு திரட்டும் மாணவரை, சவாலை ஏற்றவர் என்று பாராட்டுவது பிழை. அவர் வாளை விட்டுச் செல்லவில்லை. அவருக்குக் குகை திறக்கவில்லை.

இடைப்பட்ட நிலையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அல்சூர், சிவாஜிநகர் போன்ற பகுதிகளின் சந்துகளில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்களுக்கு மைதானம் இல்லை. சுவரைத் தாண்டி அடித்தால் அவுட், ஒரு பிட்ச் விழுந்த பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட் என்று அவர்களே விதி வகுக்கிறார்கள். இடமின்மை அவர்கள் தேர்ந்தது அன்று. விதி அவர்கள் தேர்ந்தது. ழார்ஜ் பெரெக் 1969-இல் ‘இ’ என்ற எழுத்தே இல்லாமல் ‘லா திஸ்பரிசியோன்’ என்ற முழு நாவலை எழுதினார். பிரெஞ்சில் அந்த எழுத்து இல்லாமல் தாய், தந்தை என்ற சொற்களை எழுத முடியாது. நிரோட்டத்தில் அம்மா, அப்பா இரண்டும் தடைப்படுவதைப் போல. பெரெக்கின் தந்தை 1940-இல் போரில் இறந்தார். தாய் 1943-இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். தேர்ந்துகொண்ட தடையால், தேராத இழப்பைப் பேச முடியும் என்பதற்கு அந்த நாவல் சாட்சி. ஆனால் அந்தப் பேச்சுக்குரிய பெருமை எழுதியவருக்கு உரியது. இழப்பை உண்டாக்கியவர்களுக்கு அதில் பங்கில்லை. சந்து கிரிக்கெட்டின் அழகைக் காட்டி மைதானம் தேவையில்லை என்று எவரும் வாதிட முடியாது.

எனவே கல்விப்புலம் இந்த ஆட்டக்காரர்களிடம் கற்க வேண்டியது பொறுமையை அன்று. மூன்று பழக்கங்களைக் கற்கலாம். முதலாவது, விதியைத் தொடங்குமுன் எழுதிவைப்பது. இரண்டாவது, பார்ப்பவர் எவரும் இல்லாதபோதும் அதைக் காப்பது. தனக்குச் சாதகமற்ற தரவை ஓசையின்றி விலக்கும் ஆய்வாளரை எந்த இயந்திரமும் எச்சரிப்பதில்லை. மூன்றாவது, விதி எங்கே உடைகிறது என்பதை மறைக்காமல் அறிவிப்பது.

வாளில்லாத செல்டாவில் அப்படி ஓர் இடம் உண்டு. எட்டு நிலவறைகளையும் கடந்து, ஒன்பதாவதன் ஆழத்தில் கேனன் என்ற இறுதிப் பகைவன் முன் ஆட்டக்காரர் நிற்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் நகரும் அவனை வாளால் தாக்கித் தளரவைத்த பின்னரே வெள்ளி அம்பு பயன்படும். வெடிகுண்டு, மந்திரக்கோல், தீ எதுவும் அங்கே செல்லாது. முழு ஆட்டத்தில் வாள் தவிர்க்க முடியாத இடம் அது. மற்ற இடங்களில் எல்லாம் வாள் பழக்கம். அங்கே மட்டும் தேவை. அந்த வேறுபாடு, குகையை வாளோடு விட்டுச் சென்றவருக்குத் தெரிய வழியில்லை. அங்கிருந்து திரும்பி, ஒரு வாளை எடுத்துக்கொண்டு மீண்டும் வருபவர் தோற்றவர் அல்லர். தேடிய விடை அவர் கையில் இருக்கிறது. அவர் திரும்பிச் செல்லும்போது வாள் எடுக்கும்படியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மாணவர்களிடம் துணிவை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் முதலில் உறுதிசெய்ய வேண்டியதும் அதுதான்.