கரைவது எளிது

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே வங்கக்கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். கடலின் ஏற்றவற்றத்தோடு உறவுடைய அக்கால்வாயின் நீரும் உவர்நீரே. இருபுறமும் உப்புநீர் சூழ்ந்த மணற்பரப்பில் நன்னீர்க் கிணறு எவ்வாறு அமைகிறது? மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது; ஆதலால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. இக்கடற்கரை ஊர்கள் தலைமுறைதோறும் பருகி வந்தது அந்நீரையே. அதனைக் காப்பதே முதற்பணி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அதற்கு அடுத்தே வரவேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தை வேதியியலே தருகிறது.

உப்புக்கல் ஒன்றை நீரிலிட்டுப் பாருங்கள். நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனை சோடியம் அயனியையும், ஹைட்ரஜன் முனை குளோரைடு அயனியையும் சூழ்ந்து படிகத்திலிருந்து விடுவிக்கின்றன. அடுப்பு வேண்டா, கலக்கக் கரண்டியும் வேண்டா, காத்திருந்தால் போதும். 25° செல்சியஸ் வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் கறியுப்பைக் கரைத்துக்கொண்ட பின்னரே தெவிட்டிய கரைசலாகும். கடல்நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் அளவே உப்புகள் உள்ளன.

பிரிப்பது அத்தனை எளிதன்று. கோவளம், கேளம்பாக்கம் பகுதி உப்பளங்களில் அவ்வேலை கதிரவனுடையது. பாத்தியில் தேக்கிய கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது கறியுப்பு படிகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். கசக்கும் மக்னீசிய உப்புகள் எஞ்சிய நீரிலேயே தங்கிவிடும். கரைதிறனின் இவ்வொழுங்கை உப்பளத் தொழிலாளர் கண்ணாலும் நாவாலும் அறிவர். ஆயினும் அங்கு நமக்குக் கிடைப்பது உப்பு மட்டுமே. நீர் வானுக்குப் போய்விடுகிறது.

அந்த நீரைப் பெறவே திருவிடந்தைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை தொடங்கப்பட்டது. 2024-இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள மற்றோர் ஆலையும் திறக்கப்பட்டது. 2019-இல் ஏரிகள் வறண்டபோது சென்னைக்கு முதல் ஆலை கைகொடுத்ததை மறுப்பதற்கில்லை. எனினும் நீர், இயல்பாகச் செறிவு மிகுந்த கரைசலை நோக்கியே சவ்வைக் கடக்கும். அதனை எதிர்த்திசையில் செலுத்த, ஏறத்தாழ 27 வளிமண்டல அளவுள்ள கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை விஞ்சும் விசை வேண்டும். இவ்வகை ஆலைகள் ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் கொள்கின்றன. செறிந்த உப்புக்கழிவு கடலுக்கே திரும்புகிறது. மீனவர் வலைவீசும் அதே கடலுக்கு.

நிலத்தடியில் நிகழ்வதோ இதனினும் கவலைக்குரியது. கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அம்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட கணக்கு. மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 20 மீட்டர் ஏறக்கூடும். நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு ஏறத்தாழ 700 மில்லிகிராம் உப்பு சேர்ந்துவிடுகிறது. குடிநீரில் கரைந்துள்ள பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கும் அளவோ 500 மில்லிகிராம்தான்.

ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எவ்வளவு நீர் இறைக்கலாம் என்பதை, வாங்கும் மோட்டாரின் திறன் அன்று, பெய்யும் மழையின் அளவே வரையறுக்க வேண்டும். மழையை உள்வாங்கும் மணல்மேடுகளைச் சமன்செய்து தளம் பரப்ப இசைவு தரலாகாது. கிணறுகளின் உவர்ப்பைப் பருவந்தோறும் அளந்து ஊராட்சியில் பதிவுசெய்ய வேண்டும். அதற்குரிய மின்கடத்துதிறன் அளவி கைக்குள் அடங்கும் சிறு கருவியே. அப்பணியைப் பதினொன்றாம் வகுப்பு மாணவரிடமே ஒப்படைக்கலாம்.