அடைகாக்கும் தாய்



அண்மையில் ஒரு மாலை, பங்கு இல்லத்து நாயுடன் கண்மாய்க் கரையில் உலாவினோம். புதரருகே அது சட்டென நின்று உறுமிற்று. உற்று நோக்கினோம். தரையில், முட்டைகளின்மேல் பெண்மயிலொன்று அசையாது அமர்ந்திருந்தது. அஞ்சியும் அகலாத தாய்! நாயின் சங்கிலியை இறுகப் பற்றித் திரும்பினோம்.

கூட்டிலிருக்கும் தாயையும் குஞ்சுகளையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்பது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம் தரும் கட்டளை. நம் மாவட்டத்திலேயே இதனினும் ஒருபடி மேலே சென்றோர் உளர். திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாயின. அங்குக் கூடு கட்டும் நாரைகள் வெருளாதிருக்க, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை.

அவ்வூர்ச் சிறுவர்கள் பண்டிகைக் களிப்பையே விட்டுக்கொடுக்கையில், நாம் ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொள்வது அரிதோ? இளைஞர்களே, கண்மாய்க் கரையில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். பெற்றோரே, வலிமையை அடக்கிக்கொள்வதும் அன்பே எனப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.