பட்டி பார்த்தா போதுமா?

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கரையெல்லாம் பைபர் படகு பெருகிடுச்சு. திரேஸ்புரத்துலயும் கவுத்துப் போட்டு பெயிண்ட் அடிக்கிறதைப் பாக்கலாம். பளபளன்னு இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பாதீங்கன்னுதான் இந்தப் பதிவு.

புதுப் படகு அச்சுல வார்க்கிறது. அச்சோட வழவழப்பு அப்படியே ஜெல்கோட்ல இறங்கிடும். ஓட்டை அடைக்கும்போது அச்சு ஏது? மேட்டை விரிச்சு, ரெசின் தடவி, கையால ரோலர் உருட்டணும். இறுகினதும் இழை இழையா, ஊசித்துளையோட நிக்கும். பாலியெஸ்டர்னா காத்து படுற பக்கம் பிசுபிசுப்பு வேற.

நம்மாளுங்க உடனே மேல கெட்டியா பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சுடுவாங்க. (பக் இருக்கிற சாப்ட்வேருக்குக் கலர் மட்டும் மாத்துற மாதிரி :-)) கெட்டிப் பட்டி அலை அடியில விரிசல் விடும், தண்ணி இறங்கும். ஊசித்துளையை பிரைமரும் மூடாது. பிசுபிசுப்பை அசிட்டோன்ல துடைச்சு, 80 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு, பட்டியை மெல்லிசா அழுத்தி இழுத்து, அப்புறம் 120, 220ன்னு போகணும். சரியா இறுகாம அடிச்சா, ரெசின் சுருங்கி இழைத் தடம் பெயிண்ட் மேலயே தெரியும்.

"அழகுக்குத்தானே இதெல்லாம்?"ங்கறாங்க. தேய்க்கும்போதுதான் அண்ணாச்சி, உள்ள இருக்கிற காத்துக்குமிழியே வெளிய வருது! பெயிண்ட்டுக்கு முன்னால ஒரு ரூபா காசால தட்டிப் பாருங்க. பொத்துன்னு சத்தம் வந்தா, அந்த இடத்தை வெட்டி எடுத்துட்டு மறுபடி மேட் போடச் சொல்லுங்க.